கோப்பைகளால் அளக்க முடியாத காவல்

சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லாதவர் என்பது இத்தாலிய கோல்கீப்பர் ஜியான்லூஜி பஃபோன் மீது இன்றும் சுமத்தப்படும் குறை. 2003, 2015, 2017 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களில் அவர் காத்த யுவென்டஸ் அணி தோற்றது உண்மைதான். ஆனால், 2003-இல் மிலான் வீரர்களின் இரு பெனால்டிகளை அவர் தடுத்தும், சக வீரர்கள் மூவர் வாய்ப்பைக் கோட்டைவிட்டனர். மாறாக, 2006 உலகக் கோப்பை இறுதியின் பெனால்டி சுற்றில் அவர் எதையும் தடுக்கவில்லை. பிரான்சின் டிரெசெகே உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்ப, இத்தாலி வென்றது. (2003-இல் கோட்டைவிட்ட மூவரில் டிரெசெகேயும் ஒருவர்!)

பஃபோனின் பலம் பாய்ச்சலில் அல்ல, நிற்கும் இடத்தில் இருந்தது. பந்து வரும் கோணத்தை முன்னரே அடைத்துவிடுவார். அந்த உலகக் கோப்பையின் ஏழு ஆட்டங்களில் அவரைக் கடந்தவை இரண்டே கோல்கள்: ஒன்று சக வீரரின் சுயகோல், மற்றொன்று ஜிடேனின் பெனால்டி. கூடுதல் நேரத்தில் அதே ஜிடேன் தலையால் முட்டிய பந்தை மேலே தட்டிவிட்டதே இத்தாலியைக் காத்தது.

அவ்வாண்டே நடுவர் நியமன முறைகேட்டில் சிக்கி யுவென்டஸ் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இத்தாலி கேப்டன் கன்னவாரோ ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றார். பஃபோனோ, ரிமினி போன்ற ஊர்களின் சிறிய மைதானங்களில் கோல் காக்கச் சென்றார்.