ஒரு நாள் விருந்தாளிகள்

உல்லாசக் கப்பல் ஒன்று விடியற்காலையிலே கொழும்புத் துறைமுகத்தை அடைகின்றது. அந்தி சாய்ந்ததும் அது புறப்பட்டுவிடும். இடைப்பட்ட எட்டோ பத்தோ மணி நேரந்தான் அதன் பிரயாணிகள் காணும் இலங்கை. சிலர் கோட்டையையும் புறக்கோட்டைக் கடைத்தெருவையும் பார்த்துத் திரும்புகின்றனர். வேறு சிலர் கண்டிக்கு விரைகின்றனர். போகவரப் பாதையே ஆறேழு மணி நேரத்தை விழுங்கிவிடுகின்றது. பின்னர், மலைமேல் ஏறி நமது பூண்டுலோயாவுக்கு வர அவர்களுக்குப் பொழுது ஏது? டன்சினன் நீர்வீழ்ச்சியை அவர்கள் படத்திலேதான் காணவேண்டும்.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. அதன்பின் கீழ்த்திசைக் கப்பல்களில் வருவோர் இத்தீவில் இறங்கி உலாவி மீளுதல் பெருவழக்காயிற்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது.

முன்னாளில் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் உருசிய எழுத்தாளர் அந்தோன் செக்கோவ். 1890 நவம்பரில் அவர் கொழும்பில் இறங்கினார்; கண்டிக்குப் புகையிரதத்திற் சென்றார்; சில நாட்களிற் கப்பலேறினார். ஊர் சென்றபின் எழுதிய கடிதத்தில் இலங்கையைச் சுவர்க்கம் என்று போற்றினார். நமக்கு அது பெருமையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே பயணத்தில், இங்கு வருமுன், சகாலின் என்னும் கைதிகளின் தீவில் அவர் மூன்று மாதம் தங்கியிருந்தார். குடிசைதோறும் ஏறி இறங்கினார். பெயர், வயது, பிறந்த இடம், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுத்தறிவு என ஒவ்வொருவரிடமும் கேட்டு அட்டைகளில் எழுதினார். அவ்வட்டைகள் ஏறக்குறைய 10,000. அவற்றின் துணையோடு பிறந்த நூல் அம்மக்களின் துயரை உலகறியச் செய்தது.

ஆக, சில நாள் தங்கிய இடத்தில் அவர் கண்டது சுவர்க்கம். மூன்று மாதம் தங்கிய இடத்தில் அவர் கண்டது மனிதர்களை. அவ்வாண்டில் நமது மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை தழைத்துக்கொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் லயங்களில் வாழ்ந்தனர். நானுஓயாவரை புகையிரதமும் 1885இலேயே வந்துவிட்டது. இன்னும் சில மணி நேரம் மேலே ஏறி, ஒரு லயத்தின் வாசலில் அவர் நின்றிருப்பாராயின், அந்தச் சுவர்க்கத்தில் வாழ்ந்தோரின் கதையும் உலகுக்குத் தெரிந்திருக்கும் அன்றோ?

வருவோரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. வாகனம் ஓட்டுவோருக்கும் கடை வைத்திருப்போருக்கும் அவர்களால் பிழைப்பு உண்டு. நாம் சொல்ல விரும்புவது, ஒரு நாள் என்பது எல்லோருக்கும் ஒரே அளவினதன்று என்பதே.

காலைப் பெரட்டுக்குப் போய், மலையேறி, மாலையில் மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் தாயொருத்தியின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அவள் பறித்த கொழுந்து 18 கிலோ என வைத்துக்கொள்வோம். தோட்டம் குறித்த எடைக்கு அது குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான். நாலரைக் கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை ஆகும். எனவே அவளுடைய கொழுந்து தருவது 4 கிலோ. கோப்பைக்கு 2 கிராம் வீதம் பார்த்தால் 2,000 கோப்பைத் தேநீர்! 2,000 பேர் ஏறிய ஒரு பெருங்கப்பலில் ஆளுக்கொரு கோப்பை வழங்க ஒரு பெண்ணின் ஒரு பகல் உழைப்புப் போதும். அவர்கள் இத்தீவில் கழித்ததும் ஒரு பகலே.

அந்தப் பெண்ணைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது? வழிகாட்டி சொல்வான் என்று காத்திருக்க இயலாது. நமது மாணவர்களே சொல்லவேண்டும். சொல்வதற்கு முன் அறிந்திருக்கவும் வேண்டும். பாட்டனாரின் சொந்த ஊர் எது, எந்த ஆண்டில் கடல் கடந்தார்கள், எத்துறையில் இறங்கினார்கள், முதலில் எத்தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள் என்று கேட்டால், நம் பிள்ளைகளிற் பலர் விழிக்கின்றனர். விடை அறிந்த முதியோரோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, வரும் விடுமுறையில் ஆளுக்குப் பத்து அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் லயத்தில் தொடங்குங்கள். செக்கோவ் கேட்ட கேள்விகளையே கேளுங்கள். தாத்தாவும் அம்மாயியும் சொல்வதை அவர்கள் சொன்னவாறே எழுதுங்கள். முப்பது மாணவர் கூடினால் முந்நூறு அட்டைகள் சேரும். ஒரு தோட்டத்தின் வரலாறு உருவாகும். கப்பலில் வருபவனுக்கு ஒரு நாள்தான் உண்டு. நமக்கோ இவ்வூரில் வாழ்நாள் முழுவதும் இருக்கின்றது.