தவணையை நிறுத்தும் அதிகாரம் இல்லாத ஒருங்கிணைப்பு எதற்கு?

புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகரில் நாசிக் பாட்டா என்று ஒரு சந்திப்பு இருக்கிறது. மும்பை–புனே பழைய நெடுஞ்சாலையிலிருந்து நாசிக் சாலை பிரிகிற இடம். தலைக்கு மேலே இரண்டு அடுக்கு மேம்பாலம், அதையொட்டி மெட்ரோ, கொஞ்சம் தள்ளி காசர்வாடி ரயில் நிலையம், இன்னொரு பக்கம் வாகட் வரை ஓடும், பேருந்துக்கு மட்டுமான பி.ஆர்.டி. தடம். அந்தப் பேருந்துத் தடத்துக்குக் கைகொடுத்தது உலக வங்கிக் கடன். மெட்ரோவுக்கு ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் பிரெஞ்சு வளர்ச்சி முகமையும் கடன் கொடுத்தன. மூன்று பெரிய வளர்ச்சி நிதி நிறுவனங்களின் பணம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் மெட்ரோவிலிருந்து இறங்கி பஸ் பிடிக்கப் போகிறவர், லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே தன் வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அந்த மெட்ரோ நிலையத்துக்கு முதலில் வைத்த பெயர் போசரி. போசரியோ அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். பெயரை நாசிக் பாட்டா என்று மாற்றுவதற்கே தனியாக ஒரு முடிவு தேவைப்பட்டது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் வேலையை ஒழுங்காகவே முடித்திருக்கிறார்கள். எல்லைகள் சந்திக்கும் இடம் மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தொழில் அனுபவம் உண்டு. சிஞ்ச்வடில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ‘ப்ராக்ரஸ்’ பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தலைமை அலுவலகம் போடுவது மாதத் திட்டம். அதை நடத்திக் காட்ட வேண்டியது எங்கள் பிரிவு. காலையில் வந்ததும் கையில் ஒரு ஷார்ட்டேஜ் லிஸ்ட். வார்ப்படம் வரவில்லையா, ஃபவுண்டரிக்கு ஓட வேண்டும். போசரியில் இருக்கும் வெண்டார் பேரிங் அனுப்பவில்லையா, அவர் பட்டறை வாசலில் போய் நிற்க வேண்டும். எந்த மெஷினும் எங்களுடையது இல்லை, எந்தத் தொழிலாளியும் எங்களுக்குக் கீழே இல்லை. ஆனாலும் எங்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. ஒரே ஒரு காரணம்தான்: பாகம் சரியில்லாமல் அசெம்ப்ளிக்கு வண்டி போனால், வொர்க்ஸ் மேனேஜரிடம் நேரே நடந்துபோய் லைனை நிறுத்தச் சொல்ல எங்களால் முடியும். அந்த உரிமையை எடுத்துவிட்டால் நாங்கள் ஓலை சுமக்கும் ஆட்கள் மட்டுமே.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் மதுரைக்காரர் ஒருவரின் மகள் பொருளாதாரம் படித்தவள். சர்வதேச வளர்ச்சி நிதி நிறுவனம் ஒன்றில் ‘உத்தி மற்றும் ஒருங்கிணைப்பு’ அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, “மாமா, நீங்க பாத்த வேலை மாதிரியே இருக்கு, படிச்சுப் பாருங்க” என்று விளம்பரத்தைக் காட்டினாள். படித்தேன். நாட்டுக்கான கடன் உத்தியைத் தயாரிக்க உதவுவது, நிதி அமைச்சகத்தோடும் பிற கடன் நிறுவனங்களோடும் தொடர்பு வைத்திருப்பது, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது என்று கண்காணிப்பது, தலைமையகத்திலிருந்து வருகிறவர்களுக்குக் குறிப்பு எழுதித் தருவது. நல்ல வேலை, நல்ல சம்பளம், பணியிடம் புது தில்லி. எதையாவது நிறுத்துகிற உரிமை மட்டும் விளம்பரத்தில் எங்கும் இல்லை.

என் கருத்து இதுதான். வளர்ச்சி வங்கிகளில் ஒருங்கிணைப்புக்கு ஆள் இல்லாமல் இல்லை. அந்த ஆட்கள் வங்கிக்கும் வங்கிக்கும், வங்கிக்கும் தலைநகருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள். சாலைக்கும் சாலைக்கும் நடுவே, ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே யாரும் இல்லை. அங்கே ஒரு ஆளை உட்கார வைத்து, வங்கி விடுவிக்கும் கடன் தவணையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்தால்தான் அது ஒருங்கிணைப்பு.

பணம் வருகிற பாதையைப் பார்த்தால் சிக்கல் புரியும். நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றுக்கு 2009-ல் உலக வங்கி சுமார் 10.5 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியம் மானியம் சேர்த்தது, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் பயிற்சிப் பொறுப்பை ஏற்றது. சில இந்திய நகரங்களுக்கான அந்தத் திட்டத்தில் பிம்ப்ரி-சிஞ்ச்வடும் ஒன்று. 2015-ல் பேருந்துத் தடங்கள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில் புனே மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2019 ஜனவரியில் பிரெஞ்சு முகமை 24.5 கோடி யூரோவுக்குக் கையெழுத்திட்டது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 60 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் முதல் 20 கோடிக்குக் கையெழுத்திட்டது. இந்த வகைக் கடன்களை வாங்குவது இந்திய அரசு. மெட்ரோவைக் கட்டுவது மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாக நடத்தும் மகாமெட்ரோ. பேருந்தை ஓட்டுவது 2007-ல் இரண்டு நகரங்களின் பேருந்துகளை இணைத்து உருவான பி.எம்.பி.எம்.எல். நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தம். சிக்னல் போலீஸுக்கு. ரயில் மத்திய ரயில்வேக்கு. 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்து, அதற்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் அதிகாரி ஆட்சிதான் நடந்தது. நாசிக் பாட்டாவில் நடந்து போகிறவர் குறை சொல்ல ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம் அது.

ஆற்றுக்கும் இதே கதைதான். சிஞ்ச்வடில் மோரயா கோசாவி கோயில் படித்துறையைத் தொட்டு ஓடும் பவனா, தாபோடி அருகே முளாவில் கலக்கிறது. முளா புனேக்குள் போய் முட்டாவோடு சேர்கிறது. முளா-முட்டாவைச் சுத்தப்படுத்த 2016 ஜனவரியில் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் சுமார் 1,900 கோடி யென் கடனுக்குக் கையெழுத்திட்டது. 11 கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வேண்டும். அடிக்கல் விழுந்தது 2022 மார்ச் 6 அன்று. கையெழுத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஆறு ஆண்டு. அதுவும் புனே மாநகராட்சியின் திட்டம். மேலே பவனாவில் நுரை பொங்கி வந்தால் அது பக்கத்து மாநகராட்சியான பிம்ப்ரி-சிஞ்ச்வடின் கணக்கு. தண்ணீருக்கு மாநகராட்சி எல்லை தெரியாது, கடன் ஒப்பந்தத்துக்குத் தெரிகிறது.

வளர்ச்சி நிறுவனங்களுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. உதவி தருகிறவர்கள் ஒருவரோடொருவர் இசைந்து, பெறுகிற நாட்டின் திட்டத்துக்குள் வேலை செய்ய வேண்டும் என்று 2005-லேயே பாரிஸில் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். 2023 ஜனவரியில் ஜி-20 உள்கட்டமைப்புக் குழுவின் கூட்டம் புனேயிலேயே நடந்தது. நாளைய நகரங்களுக்கு எப்படி நிதி திரட்டுவது என்பதே அதில் பேச்சு. அதே ஆண்டு உலக வங்கித் தலைவரான அஜய் பங்கா பிறந்தது கட்கியில். எங்கள் மெட்ரோ தாபோடியைத் தாண்டிப் போகும் வழியில் வருகிற ஊர்தான் கட்கி. அறிக்கைக்கும் கூட்டத்துக்கும் பஞ்சமே இல்லை.

ஒருங்கிணைப்பு நடக்கவே நடக்காது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். யுனிசெஃப் இயந்திரங்களைத் தந்தது. உலக சுகாதார நிறுவனம் தொழில்நுட்பத்துக்கு உதவியது. மற்றதை இந்திய அரசு பார்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே பென்சிலின் வெளியே வந்தது. கொடுத்தவர்கள் பலர். நடத்தியது ஒரே ஆலை, பதில் சொல்லக் கடமைப்பட்டதும் அதுவே. இயந்திரம் ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம் என்று தனித்தனியே திறந்துவைக்க அங்கே வழியில்லை. மருந்து வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். ‘அந்நிய வங்கி அதிகாரிக்கு எங்கள் ஊர்த் தெருவை நிறுத்தும் உரிமையா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சர்தார் சரோவர் அணைக்குக் கொடுத்த கடன் பற்றி உலக வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992-ல் கடுமையான அறிக்கை தந்தது. மறு ஆண்டு, மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வருகிற நிபந்தனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் செல்லாது. அதனால் நான் கேட்கும் ஒருங்கிணைப்பாளர் வங்கியின் ஆள் இல்லை. நகரத்தின் ஆள். சம்பளம் கடன் தொகையிலிருந்து வரட்டும். எது முடிந்தால் அடுத்த தவணை என்பதை மாநகராட்சி மன்றம் எழுதட்டும். முடிந்ததா இல்லையா என்று அவர் கையெழுத்திடட்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பணம் அனுப்புவதில்லை என்று வங்கி ஒப்புக்கொள்ளட்டும்.

இன்னொரு தடையும் சொல்வார்கள். தவணையை நிறுத்தினால் செலவு கூடும். உண்மை. உலக வங்கியின் வழக்கமான கடனில், எடுக்காமல் வெகுநாள் வைத்திருக்கும் தொகைக்கும் ஆண்டுக்குக் கால் சதவீதம் கட்டணம் உண்டு. ஆலையிலும் லைன் நின்றால் நஷ்டம்தான். ஆனால் தவறான பாகத்தோடு வெளியே போன வண்டியைத் திருப்பி வாங்குவதைவிட அது எப்போதும் குறைவு. தூணை நட்ட பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு இடம் தேடுவதைவிட, தூண் நடும் முன் ஒரு மாதம் நிற்பது மலிவு.

இது கனவும் இல்லை. சென்னையைப் பாருங்கள். பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவர 2010-லேயே கும்டா எனும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் வந்தது. பல ஆண்டுகள் அது காகிதத்தில் கிடந்தது. 2021-ல் உலக வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் சென்னைக்கு ஆளுக்கு 15 கோடி டாலர் கடன் தந்தன. உலக வங்கிக் கடன், விளைவு தெரிந்தால் பணம் என்ற வகை. கும்டாவை இயங்க வைப்பது அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. 2022 நவம்பரில் முதலமைச்சர் தலைமையில் கும்டாவின் முதல் கூட்டம் நடந்தது. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலி வந்து, ஒரே டிக்கெட்டில் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் புறநகர் ரயிலிலும் போக முடிகிறது. கடனால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட்டுக்கு மட்டுமல்ல, ஒருங்கிணைப்புக்கும் கடன் கொடுக்கலாம், அதன் விளைவைப் பார்த்துப் பணம் விடலாம் என்பதற்கு இது அத்தாட்சி. புனேயிலும் இதே நோக்கத்தோடு பும்டா என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பணத்தின் கடிவாளத்தில் ஒரு முனையாவது அதன் கையில் இருக்க வேண்டும்.

ஊர் மக்களை மறந்துவிட்டு அலுவலகங்களை மட்டும் இணைத்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. பவனா அணையிலிருந்து எங்கள் மாநகரின் நிகடி வரை குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தில் அரசு நிதி, மாநகராட்சி, ஒப்பந்ததாரர் என்று எல்லாம் ஒன்றாகக் கூடியிருந்தன. அணை இருக்கும் மாவள் வட்டார விவசாயிகள் மட்டும் அந்த மேஜையில் இல்லை. 2011 ஆகஸ்ட் 9 அன்று அவர்கள் நடத்திய மறியலில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். பணி பல ஆண்டு நின்றது. அது வெளிநாட்டு வங்கிப் பணம் இல்லை. ஆனால் பாடம் எல்லாப் பணத்துக்கும் பொது. ஒருங்கிணைப்பாளரின் பட்டியலில் கடைசி வரி எப்போதும் பாதிக்கப்படுகிறவர்களின் பெயராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் மாதம் ஒருமுறை மராத்தியில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். என்ன பாக்கி, யாரிடம் பாக்கி, எந்தத் தேதிக்குள். எங்கள் ஷார்ட்டேஜ் லிஸ்டில் இதற்கு மேல் எதுவும் இருந்ததில்லை.

மெட்ரோ இப்போது பிம்ப்ரியிலிருந்து சிஞ்ச்வட், ஆக்குர்டி வழியாக நிகடி நோக்கி நீள்கிறது. சுமார் நாலரைக் கிலோமீட்டர். 2023-ல் மத்திய அரசு இதற்கு ஒப்புதல் தந்தது. நாசிக் பாட்டாவில் விட்டதைச் சிஞ்ச்வட் நிலையத்தில் பிடிக்கலாம். ரயில் நிலையம், பேருந்து, மெட்ரோ மூன்றும் அங்கேயும் அருகருகே வருகின்றன. இதற்கு ஒரு பொறுப்பாளரை இப்போதே நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வேலை நடக்கும் இடத்தில் பலகையாக வைக்க மாநகராட்சியும் மாநில அரசும் முன்வர வேண்டும்.

மதுரைக்காரர் மகளுக்கும், அவளைப் போல இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். நேர்காணலில் உங்களைக் கேள்வி கேட்டு முடித்ததும், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது நன்றாகவே இருக்கும். ‘இரண்டு திட்டங்கள் ஒரே தெருவில் முட்டிக்கொண்டால், அடுத்த தவணையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா?’ என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் வேலையில் சேருங்கள். ஆனால் அது ஒருங்கிணைப்பு இல்லை, கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என்று தெரிந்தே சேருங்கள். அந்த உரிமையை உள்ளே இருந்து கேட்டு வாங்குவதுதான் உங்கள் முதல் கடமை.