மொழிகளின் மலையில் ஒரு பெந்தகோஸ்து



2024ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், ஞாயிறு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாட்காட்டிப்படி அன்று பெந்தகோஸ்து பெருவிழா. அன்று மாலை, இரஷ்யாவின் தாகெஸ்தான் குடியரசிலுள்ள டெர்பெண்ட் நகர ஆலயத்தில் ஆயுதம் தாங்கியோர் புகுந்து, அருள்தந்தை நிக்கோலாய் கொத்தேல்னிக்கோவ் அவர்களைக் கொன்றனர். அவருக்கு வயது 66. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரிலேயே பணியாற்றியவர். அந்நகரின் யூதத் தொழுகைக்கூடமும் அன்று எரிக்கப்பட்டது. தலைநகர் மகச்கலாவிலும் துப்பாக்கிச் சூடு. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

"இஸ்லாமியர் கிறிஸ்தவரைக் கொன்றார்கள்" என்று ஒரே வரியில் இதை நாம் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அன்று இறந்தவர்களுள் பெரும்பாலோர் காவல்துறையினர். அவர்களுள் பலர் இஸ்லாமியர். அந்த ஒரு வரிக்குள் இவர்களை எங்கே வைப்பது?

தாகெஸ்தான் என்றால் 'மலைநாடு' என்று பொருள். காஸ்பியன் கடலின் மேற்குக் கரையில் தொடங்கி காக்கசஸ் மலைச்சிகரங்கள் வரை ஏறிச் செல்லும் நிலம். மக்கள் தொகை 30 இலட்சத்துக்கும் மேல்; மிகப் பெரும்பாலோர் சன்னி இஸ்லாமியர். ஆயினும் அங்கே 'தாகெஸ்தான் இனம்' என்று ஓர் இனம் இல்லை. அவார், தார்கின், குமிக், லெஸ்கின், லாக், தபசரான், நொகாய் என முப்பதுக்கும் மேற்பட்ட மக்களினங்கள் வாழ்கின்றன. ஆர்ச்சி என்ற மொழி ஒரே ஊரிலும் அதைச் சுற்றிய குக்கிராமங்களிலும் மட்டுமே பேசப்படுகிறது. பேசுவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அன்றைய அரபு எழுத்தாளர்கள் காக்கசஸை 'மொழிகளின் மலை' என்று அழைத்ததில் வியப்பில்லை. அவார் மலைப்பகுதியில் தாத்துனா என்னுமிடத்தில் ஜார்ஜியர் கட்டிய பழங்கால ஆலயம் ஒன்று இன்றும் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மலைகள் நற்செய்தியையும் கேட்டவையே.

இத்தனை இனங்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன? 1994 முதல் 2006 வரை அங்கே தனியொரு ஆட்சித்தலைவர் இல்லை. முக்கிய இனங்களுக்கு ஒருவர் என 14 பேர் கொண்ட அரசு மன்றம் இருந்தது. ஊழல் இல்லாத அமைப்பு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் முக்கிய இனங்கள் எதுவும் வெளியே நிறுத்தப்படவில்லை. 2006க்குப் பின் மாஸ்கோ தெரிவு செய்யும் ஒரே தலைவர் என்ற முறை வந்தது.

நிலத்தின் காயம் இன்னும் பழையது. 1944இல் ஸ்டாலின் ஆட்சி ஆவுக் பகுதியின் செச்செனியரை மொத்தமாக நாடு கடத்தியது. காலியான வீடுகளில் குடியேற லாக், அவார் மக்களை மலையிலிருந்து வலுக்கட்டாயமாக இறக்கியது. செச்செனியர் திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டில் வேறு குடும்பம். அந்தக் குடும்பமும் தானாக விரும்பி வந்ததன்று. லாக் மக்களுக்கு வேறிடத்தில் ஊர் அமைத்து, நிலத்தை உரியவரிடம் தருவதென 1991இல் முடிவானது. அதன் பின்னும் பல பத்தாண்டுகள் இழுபறிதான். பாதிக்கப்பட்ட இருவரையே எதிரெதிரே நிறுத்திவிட்டு, குற்றம் செய்தவர் கல்லறைக்குப் போய்விட்டார்.

சமயத்துக்குள்ளேயே பிளவும் உண்டு. அந்நாட்டின் பழைய இஸ்லாம் சூஃபி மரபினது. சோவியத் ஆட்சி வீழ்ந்தபின் வெளியிலிருந்து வந்த கடும்போக்குச் சலஃபிக் குழுக்கள் அதை ஏற்கவில்லை. 2012 ஆகஸ்டில், மதிப்புமிக்க சூஃபி ஆசான் சயீத் அஃபந்தியின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பெண்ணே வெடிகுண்டைச் சுமந்து வந்து அவரைக் கொன்றாள். இந்த நெருப்பு முதலில் இஸ்லாமியரையே சுட்டது.

வறுமைதான் காரணம் என்பாரும் உளர். வேலையின்மை அங்கே உண்மைதான். ஆனால் 2024 தாக்குதலில் ஈடுபட்டோருள் ஒரு மாவட்ட நிர்வாகத் தலைவரின் பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் பசித்தவர்கள் அல்லர். அதற்கு முந்தைய அக்டோபரில், காசாப் போரின் சினத்தில், இஸ்ரயேலிலிருந்து வந்த விமானத்தைத் தேடி மகச்கலா விமான நிலையத்துக்குள் கும்பல் புகுந்தது. தலைமுறை தலைமுறையாக யூதர் வாழ்ந்துவரும் மண்ணில் இது நடந்தது. தொலைதூரப் போரின் வெறுப்பு, கைப்பேசி வழியாக மலையேறிவிட்டது.

நம் கத்தோலிக்க மக்கள் அங்கே மிகச் சொற்பம். தென் இரஷ்யா முழுவதையும் தழுவிய, சரத்தோவைத் தலைமையிடமாகக் கொண்ட புனித கிளமெந்து மறைமாவட்டத்தின் ஒரு மூலையில் அவர்கள் வாழ்கின்றனர். ஞாயிறு மன்றாட்டில் 'துன்புறும் திருச்சபைக்காக' என்று நாம் சொல்லும்போது அவர்களை நினைப்போம். அன்று தந்தை நிக்கோலாயோடு இறந்த காவலர்களின் வீடுகளையும் அதே மன்றாட்டில் சேர்ப்போம்.