திக்கி ஓதும் பிள்ளைக்கு இரட்டைக் கூலி. நாம் தருவது பிரம்படியா?

திருக்குர்ஆனைத் தேர்ச்சியோடு ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார்; சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கோ இரு கூலிகள் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வாறு நவின்றதாக அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான இந்நபிமொழியை அறியாத உஸ்தாத் இருக்க முடியாது. ஆயினும் நம் மக்தப் மதரஸாக்கள் சிலவற்றிலும், நம் வீடுகள் பலவற்றிலும், திக்கி ஓதும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது வசைச்சொல்லும் பிரம்படியுமே.

அப்பிள்ளைகளுள் சிலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு. நன்றாகப் பேசுவார்கள், கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வார்கள், செவிவழியாகவே சூராக்களை மனனம் செய்வார்கள். ஆனால் நேற்றுப் படித்த எழுத்து இன்று அவர்களுக்குப் புதிதாகத் தோன்றும். 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் எனும் ஆங்கில மருத்துவர், அறிவுக்கூர்மை மிக்க 14 வயதுச் சிறுவன் ஒருவனால் வாசிக்க இயலாதிருந்ததை மருத்துவ இதழில் எழுதினார். இது கண்ணின் கோளாறன்று, சோம்பலுமன்று, அறிவுக்குறைவுமன்று. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் வேலையை மூளை வேறு விதமாகச் செய்கிறது. தாயத்து இதற்குத் தீர்வாகாது.

காரைக்குடியில் வாழும் நம் பிள்ளையின் சுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக. மாலையில் மக்தபில் அரபி வலமிருந்து இடமாக. பா, தா, ஸா மூன்றும் ஒரே உருவம், புள்ளிகளே வேறுபாடு. ஜீம், ஹா, கா ஆகியவையும் அவ்வாறே. தமிழிலோ ‘கொ’ என்று எழுதும்போது, பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கிறது. தடுமாற்றம் இல்லாத பிள்ளைக்கே இது உழைப்பு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இது மலையேற்றம்.

இவர்களுள் பலருக்கு எழுதுவதிலும் இடர்ப்பாடு இருக்கும். பென்சிலை இறுகப் பிடித்துச் சில வரிகளிலேயே கை வலிக்கும். எழுத்துகள் கோட்டை விட்டு வழுவும். இங்குதான் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்திறன் சிகிச்சை உதவுகிறது. பிள்ளை எவ்வாறு அமர்கிறது, தோளிலும் மணிக்கட்டிலும் வலு உள்ளதா, ஒரு கை எழுதுகையில் மறு கை தாளைப் பிடிக்கிறதா என்பதையெல்லாம் சிகிச்சையாளர் முதலில் கவனிப்பார். பிறகு மாவு பிசைதல், மணி கோத்தல், துணிக் கிளிப்பை விரலால் அழுத்தி மாட்டுதல் போன்ற பயிற்சிகளைத் தருவார். மணல் தட்டில் விரலால் பெரிதாக எழுத வைப்பார். நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்திருந்த முறைதான் அது. செட்டிநாட்டு வீடுகளில் ஆடப்படும் பல்லாங்குழியும் விரல்களுக்கு நல்ல பயிற்சியே. முக்கோணப் பென்சில், அகன்ற கோடிட்ட தாள், சாய்வுப் பலகை, நடுவே சிறு ஓய்வு, புத்தகப் பையை ஒழுங்குபடுத்தும் பட்டியல் ஆகியனவும் இதில் அடங்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இச்சிகிச்சை கைக்கும் உடலுக்கும் கவனத்துக்கும் துணை நிற்கும். அதுவே வாசிப்பைக் கற்றுத் தந்துவிடாது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, திரும்பத் திரும்பப் பயிற்றும் சிறப்பாசிரியரும் உடன் வேண்டும். மூன்றே மாதத்தில் முற்றிலும் குணமாக்குவதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

உதவி பெறும் வாயில்கள் நமக்குத் திறந்தே உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் உரிய சான்று உள்ள மாணவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. பள்ளித் தலைமையாசிரியரிடம் கூறி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவரைக் கண்டு பரிசோதனைக்கு வழி கேட்கலாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கெனத் துறையே இருக்கிறது. சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்குப் பின்னரே கிடைக்கும். பயிற்சிக்கோ அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

“சான்றிதழ் வாங்கினால் நாளை சம்பந்தம் பேச வருவோர் என்ன சொல்வார்கள்?” என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அவ்வச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் மறைத்து வைத்த பிள்ளை படிப்பை இழக்கிறது. தன்னைத்தானே முட்டாள் என்று நம்பத் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் கடைவேலைக்குப் போன பிள்ளைக்கு எந்தச் சம்பந்தம் காத்திருக்கிறது? பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபிகளார் (ஸல்) மறைத்து வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பை அளித்தார்கள். அவர்களை முன்னிட்டே ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின.

மக்தபில் நாம் செய்யக்கூடியவை செலவற்றவை. குர்ஆன் முதலில் செவிவழியே இறங்கி, நெஞ்சங்களில் தங்கிய வேதம். ஆகவே அப்பிள்ளையைக் கேட்டு ஓத விடுவோம். நூரானி காயிதாவில் ஒரு நாளைக்கு ஓரிரு எழுத்துகள் போதும். புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டித் தரலாம். எல்லார் முன்னிலையிலும் எழுப்பி ஓதச் சொல்லாமல், தனியே அருகில் அமர்த்திக் கேட்கலாம்.

பிரம்பை அறவே விட வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடிப்பதைத் தடுக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அச்சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது. சட்டம் எட்டாத இடத்தில் இறையச்சமும் எட்டாமற் போகலாமா? பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரழி) அவர்களை நோக்கி நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட ‘ச்சீ’ என்று சொன்னதில்லை. அவர்களின் வாரிசுகள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் ஆலிம்களுக்கு இதைவிடப் பெரிய பாடத்திட்டம் வேண்டுமா?

ஜமாஅத்துகளுக்கும் கடமை உண்டு. சிகிச்சைக்காக வாரந்தோறும் மதுரைக்கோ சிவகங்கைக்கோ பேருந்தேறும் ஏழைத் தாய்க்குப் பயணச் செலவே பெரும் பாரம். ஏழைகளும் தேவையுடையோரும் ஜகாத்துக்கு உரியவர்கள் என்பது குர்ஆனின் கட்டளை. பைத்துல்மாலிலிருந்து அக்குடும்பங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது சதக்காவினும் மேலான நீதி.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். எவ்வுயிரையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்தாத இறைவன், அவர்களின் சக்தியை அறிந்து நடக்கும் பக்குவத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.