அபத்தமும் அரைகுறையும்

போன மாதம் ஓர் இளைஞர் தம் சிறுகதையைப் படிக்கக் கொடுத்தார். ஒருவன் மாடி ஏறுகிறான், இறங்குகிறான், மறுபடி ஏறுகிறான். அவனுக்குப் பேர் இல்லை, ஊர் இல்லை, பசிகூட இல்லை. "ஒன்றும் விளங்கவில்லையே, தம்பி" என்றேன். "விளங்கக் கூடாது ஸார். வாழ்க்கையே அபத்தம்தானே! காம்யு சொல்லியிருக்கிறாரே" என்றார்.

காம்யுவின் பேரால் இப்படியொரு சலுகை நடமாடுவதை நான் ஆட்சேபிக்கிறேன். 1942-ல் வெளிவந்த 'ஸிஸிபஸ் புராண'த்தில் அவர் சொன்னது வேறு. மனிதன் அர்த்தம் கேட்கிறான். உலகம் வாய் திறப்பதில்லை. இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் பிறப்பது அபத்தம். கேட்கிற ஆளே கதையில் இல்லையென்றால் எது எதோடு முட்டும்?

அவரே சிறுகதை எழுதியபோது என்ன செய்தார்? 1957-ல் வந்த தொகுதியில் 'விருந்தாளி' என்று ஒரு கதை. அல்ஜீரிய மேட்டு நிலத்தில் தனித்து நிற்கும் பள்ளிக்கூடம். வெளியே பனி. பஞ்சத்தில் மாணவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்க வந்த கோதுமை மூட்டைகள் உள்ளே அடைந்து கிடக்கின்றன. வாத்தியார் தாரு ஒண்டிக்கட்டை. கிழட்டுப் போலீஸ்காரர் ஒருவர், தானியத் தகராறில் ஒன்றுவிட்ட சகோதரனைக் கொன்ற அராபியனைக் கயிறு கட்டி அழைத்து வருகிறார். மாட்டேன் என்று தாரு சொல்லியும் கேளாமல், ஜெயிலில் ஒப்படைக்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். தாரு கைதிக்குச் சமைத்துப் போடுகிறார். தம் அறையிலேயே படுக்க வைக்கிறார். விடிந்ததும் பேரீச்சம்பழம், ரொட்டி, சர்க்கரை, ஆயிரம் பிராங்க் கொடுத்து இரண்டு வழி காட்டுகிறார். கிழக்கே போலீஸ், தெற்கே அடைக்கலம் தரும் நாடோடிகள். அவன் கிழக்கே நடக்கிறான். தாரு திரும்பி வந்தால் கரும்பலகையில், பிரான்ஸ் தேசத்து ஆறுகளின் படத்துக்கு நடுவே, எங்கள் சகோதரனைக் காட்டிக்கொடுத்தாய் என்று பழி வாங்கும் மிரட்டல்.

இதில் விளங்காத வாக்கியம் ஒன்று உண்டா? (மூலத் தலைப்பு விருந்தாளியையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும், தமிழில் அது நழுவிவிடுகிறது.) அவன் ஏன் கிழக்கே போனான் என்பதற்கு ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் எனக்கு ஒவ்வொரு பதில் தோன்றுகிறது. ஆனால் அவன் நடந்து போவதைப் பார்க்கிறபோது தாருவோடு சேர்ந்து என் நெஞ்சும் கனத்துப் போகிறது. அந்தக் கோதுமையும் சர்க்கரையும் இல்லாவிட்டால் கனக்குமா?

1915-ல் வந்த காஃப்காவின் 'உருமாற்ற'த்திலும் அப்படித்தான். பூச்சியாகி விழித்த ஸாம்ஸா, ரயில் தப்பிவிட்டதே என்றல்லவா தவிக்கிறான்! பெற்றோர் பட்ட கடன் அவன் முதுகில்.

"உங்கள் ஆள் மாடியில் யாரைப் பார்க்கப் போகிறான்?" என்று இளைஞரைக் கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். பிரதி இன்னும் என் மேஜைமேல்தான் கிடக்கிறது. கடைசித் தாளின் பின்புறத்தில் மளிகைக்கடை பாக்கியை ஏழெட்டு வரி எழுதியிருக்கிறார். அதை இரண்டு தடவை படித்தேன்.