பதினாறு பேர் படித்த வரி

2012ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழிலதிபர் ஒருவர் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அப்போது மத்திய நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்துச் சேர்க்கையைப் பற்றிய குற்றச்சாட்டு அது. ஊழல் எதிர்ப்புப் பேச்சு நாடெங்கும் கொதித்துக்கொண்டிருந்த காலம். தேநீர்க்கடை பெஞ்சுகளில் அதைவிடக் காரமான வாக்கியங்கள் நிமிடத்துக்கு ஒன்றாய் உதிர்ந்துகொண்டிருந்தன. எழுதியவரைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேர். (தமிழில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டவர்கள் இந்த எண்ணைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள்.) பத்து நாள் கழித்து, அக்டோபர் 30 அதிகாலையில், போலீசார் அவர் வீட்டுக்கே வந்து கைது செய்தனர். அன்றே பிணையில் வெளிவந்தார். அதற்குள் 16 பேர் படித்த அந்த வரியை இந்தியா முழுக்கப் படித்துவிட்டிருந்தது.

அந்த வரி உண்மையா பொய்யா என்பது இங்கே என் கவலை அல்ல. பொய் என்று கருதுகிறவருக்கு அவதூறு வழக்குத் தொடுக்கும் உரிமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அவதூறு வழக்கின் நடைமுறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின்படி அவதூறுக்கு அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. புகார் செய்பவர் குற்றவியல் நடுவரிடம் போக வேண்டும்; நீதிமன்றத்தின் பிடியாணை இல்லாமல் போலீசார் கைது செய்ய முடியாது. அதாவது கோபப்பட்டவருக்கும் எழுதியவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அந்த மூன்றாமவரை எழுப்பி வெளியே அனுப்பியது. பிடியாணை தேவையில்லை. தண்டனையோ மூன்றாண்டு வரை. ஒரே வாக்கியத்தை நாளிதழில் அச்சிட்டால் இரண்டாண்டு, கைபேசியில் தட்டினால் மூன்றாண்டு என்பது என்ன கணக்கு என்று 2008 டிசம்பரில் இந்தத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது கேட்டவர்கள் மிகக் குறைவு. 'எரிச்சல்', 'அசௌகரியம்' போன்ற சொற்களெல்லாம் அந்தப் பிரிவில் குற்றத்தின் அடையாளங்களாக இடம்பெற்றிருந்தன. யாருடைய எரிச்சல் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தேவை அதிகாரத்துக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இந்தக் கைது புதுச்சேரியில் நடந்தது என்பதுதான் என்னை அப்போதும் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது. 1908இல் 'இந்தியா' பத்திரிகையின் பதிவுபெற்ற வெளியீட்டாளரைச் சென்னையில் கைது செய்தபோது, அதை நடத்திக்கொண்டிருந்த பாரதி இந்த ஊருக்குத்தான் வந்தார். பின்னாலேயே பத்திரிகையும் வந்தது. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பெருந்தன்மையால் இவர்கள் பிழைத்தார்கள் என்று ஒரு கதை நம்மிடையே உண்டு. அது பாதிதான் உண்மை. பெருந்தன்மையைவிட முக்கியமானது ஒரு காகிதம். 1881 ஜூலை 29ஆம் தேதி பிரான்சில் நிறைவேறிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் தன் கடைசிப் பகுதியில் காலனிகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டது. காலனி மக்களை அந்தக் குடியரசு எப்படி நடத்தியது என்பது வேறு கதை, அவ்வளவு அழகான கதையும் அல்ல. ஆனாலும் ஆங்கிலேய அரசு விரல் நீட்டியவரைப் பிடிப்பதற்கு முன் வேறொரு சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. சென்னை மாகாண அரசுக்கு வெளியே ஓர் இடம் இருந்தது. அந்த வெளியில் நின்று எழுத முடிந்தது.

அந்த வெளியைச் சுருக்க ஆங்கிலேயர்கள் செய்ததைப் பாருங்கள். எழுதுபவரைத் தொட முடியாதபோது படிப்பவரை நோக்கித் திரும்பினார்கள். பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை, வழியிலேயே பறிமுதல், கடிதங்கள் பிரிக்கப்பட்டன, தெருமுனைகளில் ஒற்றர்கள். புதுச்சேரியில் அச்சாகும் பத்திரிகைக்கு வாசகர்கள் இருந்ததோ எல்லைக்கு அப்பால். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது. பாரதி மேலும் எட்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியபோது கடலூர் அருகே கைதானார். இணையத் தணிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஏதோ சிலிக்கான் பள்ளத்தாக்கோடு பிறந்த புதுமை போலப் பேசுகிறார்கள். முடக்குதல், கண்காணித்தல், இடைமறித்தல் ஆகிய மூன்றும் இந்த ஊரின் அஞ்சல் பைகளில் நூறாண்டுக்கு முன்பே நடந்து முடிந்தவை.

1954இல் நிர்வாகம் கைமாறி, 1962இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. அந்த இணைப்பை நான் குறைசொல்லவில்லை. எல்லை போனால் போகட்டும். அந்நியனின் எல்லை தந்த பாதுகாப்பை நம் அரசியலமைப்பு தர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தத்தின் எழுதப்படாத பகுதி. 2012 அக்டோபர் 30 அதிகாலையில் அந்தப் பகுதி வேலை செய்யவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. அதே அக்டோபரில் சென்னையில் பாடகி சின்மயி, ட்விட்டரில் தன்னை ஆபாசமாகத் தாக்கியவர்கள் மீது புகார் கொடுத்தார். கைதுகள் நடந்தன, அங்கும் 66ஏ பயன்பட்டது. அப்படியானால் இந்தப் பிரிவு வேண்டாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இணையத்தில் பெண்கள் மீது கொட்டப்படும் சாக்கடையைக் கருத்துச் சுதந்திரம் என்று அழைப்பவர்களோடு எனக்கு உறவில்லை. ஆனால் அந்த வழக்கிலேயே பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. குற்றத்தைக் குற்றமாகவே பெயர் சொல்லிப் பிடிக்கும் சட்டம் அது. அமைச்சர் மகனின் எரிச்சலையும் ஒரு பெண்ணின் மீதான வன்மத்தையும் ஒரே வலையில் அள்ளும் சட்டம் உண்மையில் அந்தப் பெண்ணைத்தான் சிறுமைப்படுத்துகிறது.

எதிர்ப்பு வலுத்ததும் மத்திய அரசு 2013 ஜனவரியில் ஓர் அறிவுரை அனுப்பியது: உயர்நிலைக் காவல் அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் 66ஏயில் கைது செய்யாதீர்கள். அரசு தரும் பரிகாரம் எப்போதும் இதுதான், இன்னும் பெரிய ஓர் அதிகாரி! அமைச்சர் வீட்டு மின்னஞ்சலுக்குப் பெரிய அதிகாரியைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 66ஏ பிரிவை முழுமையாக ரத்து செய்தார்கள். விவாதிப்பது வேறு, ஒரு கருத்துக்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. கடைசியில் சொன்னதைத்தான் சட்டம் தொடலாம் என்று அந்தத் தீர்ப்பு கோடு கிழித்தது. அருமையான தீர்ப்பு. ஆறாண்டு கழித்து, 2021 ஜூலையில், செத்துப்போன அந்தப் பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் இன்னும் வழக்குப் பதிந்துகொண்டிருப்பதைக் கேட்டு அதே நாரிமன் அதிர்ச்சி தெரிவித்தார். இனி யார் மீதும் 66ஏயில் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பேய்க் கதைகளில்கூட ஒருமுறை ஆணி அடித்தால் போதும்.

புதுச்சேரிக்கு இரண்டாவது பாடமும் வந்தது. 2021 ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் வாக்காளர்களின் கைபேசிகளுக்குப் பாரதிய ஜனதா கட்சியின் குறுஞ்செய்திகள் வந்தன. வாக்குச்சாவடி வாரியாக அமைந்த வாட்ஸப் குழுக்களில் சேரும் இணைப்புகள் அவற்றில் இருந்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே இவை வருகின்றன என்று இளைஞர் அமைப்பு ஒன்றின் நிர்வாகி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கட்சி மறுத்தது, தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டிய எண்கள் என்றது. நீதிமன்றம் குற்றச்சாட்டை ஒதுக்கித் தள்ளாமல், ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. 2012இல் எழுதியவரின் வாயில் கைவைத்தார்கள். இங்கே பிரச்சினை வேறு: ஒரு வாக்காளர் எந்தச் சாவடியில் வாக்களிப்பவர், அவருடைய எண் என்ன என்பது அவர் சொல்லாமலே ஒரு கட்சிக்குத் தெரிந்திருந்தது. அஞ்சல் பையைப் பிரிக்கும் சிரமம்கூட இல்லை.

எல்லைகளை நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் ரஷ்ய அரசின் நெருக்கடியால் 2014இல் நாட்டை விட்டு வெளியேறியவர். அவர் 2024 ஆகஸ்டில் கைதானது பாரீஸ் அருகே, 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் தாய்நாட்டில். அவர் மீதான குற்றச்சாட்டுகள் பேச்சைப் பற்றியவை அல்ல, தன் தளத்தில் நடக்கும் குற்றங்களைத் தடுக்கவில்லை என்பதைப் பற்றியவை. அவரைத் தியாகியாக்க எனக்கு விருப்பமில்லை. கோடீசுவரர்களுக்கே புகலிடங்கள் சுருங்கிவிட்ட உலகில் 16 பேர் வாசிக்கும் மனிதர் எந்தப் படகில் ஏறுவார் என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் இருப்பவை என்ன? 2024இல் உள்துறை அமைச்சகம் 'சகயோக்' என்ற தளத்தைத் தொடங்கியது. பதிவுகளை நீக்கச் சொல்லும் அரசின் அறிவிப்புகள் நீதிமன்றத்தைத் தொடாமலே அதன் வழியாக நிறுவனங்களுக்குப் போகின்றன. எக்ஸ் நிறுவனம் (பழைய ட்விட்டர்தான்) இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே அரசு விதிகளைத் திருத்தி ஒரு சலுகை அறிவித்தது: இனி இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அறிவிப்பு அனுப்பலாம்; காவல்துறை என்றால் டி.ஐ.ஜி. நிலைக்குக் குறையாதவர். மறுபடியும் பெரிய அதிகாரி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான். தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது, மகிழ்ச்சி. ஆனால் விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. தன் அமைப்புகளில் எவற்றுக்கு விலக்கு என்று அறிவிப்பதும் அதே மத்திய அரசு.

பதிவை நீக்கச் சொல்லும் அறிவிப்பு எழுதியவருக்கும் காரணத்தோடு வர வேண்டும். அவசரம் இல்லாத எல்லா நேரத்திலும் நீக்குவதற்கு முன்பே ஒரு நீதிபதி அதைப் பார்த்திருக்க வேண்டும். தரவு வாரியத்தின் நியமனங்கள் அரசின் கையை விட்டுப் போக வேண்டும். இவற்றைக் கேட்பது புரட்சி அல்ல. அவதூறு வழக்கில் நடுவில் உட்கார்ந்திருந்தாரே, அந்த மூன்றாவது மனிதரின் நாற்காலியைத்தான் திரும்பக் கேட்கிறோம்.