காப்பு இழைகளுக்குச் சான்று வேண்டும்

கூரைக்கடியிலும் குளிர்சாதனக் குழாய்களைச் சுற்றியும் உலைகளின் உட்சுவரிலும் பொருத்தப்படும் வெப்பக்காப்பு இழைகள் பார்வைக்கு ஒரே பஞ்சுதான். ஆனால் கண்ணாடியை உருக்கி இழுத்த கிளாஸ்வுல், பாறையிலிருந்து எடுத்த ராக்வுல், அலுமினாவும் சிலிக்காவும் கலந்த செராமிக் இழை ஆகியவற்றின் ஆபத்து ஒன்றல்ல. பிரிக்பீல்ட்ஸில் பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பவருக்கும் கிள்ளானில் உலையைப் பழுதுபார்ப்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும்.

3 மைக்ரோமீட்டருக்கும் மெல்லியதாய், 5 மைக்ரோமீட்டருக்கும் நீண்டதாய் உள்ள இழை மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். அங்கே விரைவில் கரைந்தால் தீங்கு குறைவு. கரையாமல் தங்கினால் அதிகம். இதையும் கருதியே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் காப்புக்கான கிளாஸ்வுல்லையும் ராக்வுல்லையும் 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற பட்டியலிலிருந்து விடுவித்து, 'வகைப்படுத்த இயலாதவை' பிரிவில் வைத்தது. அது நற்சான்றிதழ் அல்ல. செராமிக் இழை பழைய பட்டியலிலேயே நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் கார, காரமண் ஆக்சைடுகளின் அளவை 18 விழுக்காடு என்று எல்லையிட்டது. அதைத் தாண்டாத இழைகளைக் கடுமையான பிரிவில் சேர்த்தது. மற்றவை விலக்குப் பெற, உடலில் விரைவில் கரைவதைச் சோதனையில் நிரூபிக்கலாம்.

மலேசியாவின் 2013 வேதிப்பொருள் வகைப்பாட்டு விதிகள் வகைப்படுத்தும் பொறுப்பை வழங்குநரிடம் விட்டுள்ளன. அது சரியே. ஆனால் ஆபத்து கலவையைப் பொறுத்திருக்கும்போது, பொட்டலத்தில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. ஆக்சைடு விழுக்காடு, இழைத் தடிமன், கரைதிறன் சோதனை முடிவு ஆகிய மூன்றையும் பாதுகாப்புத் தரவுத் தாளில் தரும்படி தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை கட்டாயப்படுத்த வேண்டும். செலவு கூடும் என்ற வாதம் பெரிதாக நிற்காது: கலவை ஆலைக்குத் தெரிந்ததே, ஐரோப்பாவில் விலக்குப் பெற்ற சரக்குக்குச் சோதனை அறிக்கையும் உண்டு. சான்று காட்டாத இழையை ஆபத்தானதாகவே கருத வேண்டும்.

உலையின் பழைய இழைக்காப்பை அகற்றுவதற்குத் தனி விதிமுறை தேவை. நெடுங்காலம் கடும் வெப்பத்தில் இருந்த செராமிக் இழையில் கிறிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்கா உருவாகிறது. மூச்சில் புகும் அத்தூசி புற்றுநோய் விளைவிப்பது உறுதியானது. ஆகவே புதிய இழையின் தரவுத் தாளை வைத்து இந்த வேலையை மதிப்பிடக் கூடாது.

பொட்டலத்தின் விவரச்சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதோடு முதலாளியின் கடமை முடிவதில்லை. வங்காளமோ நேப்பாளியோ தமிழோ பேசும் தொழிலாளிக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லவும் வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் திருத்தச் சட்டம் முதலாளிக்கான அபராதத்தை 5 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியுள்ளது. அந்த அதிகாரத்தைச் சிறு புதுப்பிப்புக் குத்தகைகளிலும் துறை பயன்படுத்த வேண்டும்.